சத்ரியாவுக்கு டர்போ போடுவதற்கு முன்: எந்த வகுப்பு, எந்த விதி?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா மகன் மலேசியாவில், செலாயாங்கில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தான். போனில் ஒரு படத்தைக் காட்டினான். காப்பாரில் ஒரு கடையில் கிடக்கும் ஹாஃப்கட். மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆர் வண்டியின் வெட்டிய முன்பாதி. 4ஜி93 டர்போ எஞ்சின் (டர்போ என்பது புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் தள்ளும் கருவி), கியர்பாக்ஸ், வயரிங், எஞ்சினின் கணினியான ஈசியூ எல்லாம் அதோடு வருகிறது. "மாமா, முன்பணம் கட்டிடவா? வேற ஒருத்தனும் கேக்குறானாம்."

அவனிடம் இருப்பது அத்தான் ஓட்டிக்கொண்டிருந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. டர்போ இல்லாத 1,834 சிசி எஞ்சின், 140 குதிரைச் சக்திக்குச் சற்று முன்பின். சேர்த்து வைத்திருப்பது 15,000 வெள்ளி (ரிங்கிட்). செப்பாங் பந்தயத் தளத்தில் இழுவைப் பந்தயம், அதாவது நேர்கோட்டில் 402 மீட்டர் (கால் மைல்) ஓட வேண்டும், ஓடி ஜெயிக்கவும் வேண்டும் என்பது அவன் ஆசை.

"எந்த வகுப்புல ஓடப்போறே?" என்றேன்.

"அத அப்புறம் பாத்துக்கலாம் மாமா. முதல்ல எஞ்சின்."

பல பையன்கள் பணத்தை விடுவது இந்த இடத்தில்தான். எஞ்சினை வாங்கி, மாட்டி, டியூன் செய்து முடித்த பிறகு விதிப்புத்தகத்தைத் திறக்கிறார்கள். அப்போதுதான் தெரியும், அந்த எஞ்சினுக்கு உரிய வகுப்பில் தன்னைவிட மூன்று மடங்கு செலவழித்தவன் நிற்கிறான் என்று. அன்று கடையைப் பாதி மூடிவிட்டு அவனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவனைப் போல இந்த முடிவின் முன்னால் நிற்கிறவர்கள் நிறைய பேர் இருப்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

வகுப்புகளின் பெயர் அமைப்பாளருக்கு அமைப்பாளர் மாறும். சாரத்தைப் பார்த்தால் அவனுக்கு முன்னால் இருந்த வழிகள் இவை: டர்போ இல்லாமல் என்ஏ வகுப்பில் ஓடுவது, டர்போவுக்கு வரம்பு வைத்த வகுப்பில் ஓடுவது, எந்தக் கட்டும் இல்லாத திறந்த வகுப்பில் ஓடுவது, நேரத்தை முன்கூட்டியே சொல்லி ஓடும் டயல்-இன் வகுப்பில் ஓடுவது.

முதலில் குதிரைச் சக்தியின் கணக்கு

கால் மைல் நேரத்தைத் தோராயமாகச் சொல்ல ஒரு பழைய சூத்திரம் உண்டு. வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்த எடையைக் குதிரைச் சக்தியால் வகுத்து, அதன் கனமூலத்தை எடுத்து, எடை கிலோவில் இருந்தால் 7.58ஆல் பெருக்க வேண்டும். சத்ரியாவும் ஓட்டுகிறவனும் 1,100 கிலோ என்று வைத்தோம். 140 குதிரைச் சக்திக்கு 15.1 விநாடி வந்தது. ஜிஎஸ்ஆர் எஞ்சின் தொழிற்சாலையில் தந்த 195க்கு 13.5. எஞ்சினைப் பிரித்துக் கட்டி 300 எடுத்தால் 11.7.

டயர் நன்றாகப் பிடித்தால்தான் இந்த எண்கள் பேசும். முன்சக்கர வண்டி கிளம்பும்போது எடை பின்னால் சாய்ந்துவிடும், இழுக்க வேண்டிய சக்கரங்கள் லேசாகும். அதனால் 300 குதிரைச் சக்தியுள்ள சத்ரியா முதல் 20 மீட்டரில் புகையைத்தான் கக்கும். இன்னொன்றும் இந்தக் கனமூலத்துக்குள் இருக்கிறது: சக்தியை இரட்டிப்பாக்கினாலும் நேரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். கடைசி அரை விநாடிக்கு ஆகும் செலவு, முதல் இரண்டு விநாடிக்கு ஆனதைவிடக் கூடுதலாக இருப்பது இதனால்தான்.

என்ஏ வகுப்பு

டர்போவுக்கு இடமே இல்லாத வகுப்பு என்றால் செலவு குறையும் என்று அவன் நினைத்தான். அது சரியில்லை. 2,000 சிசி வரை என்ஏ என்று எழுதியிருந்தால் எதிரே ஹோண்டாவின் கே20ஏ எஞ்சின் நிற்கும். டிசி5 இன்டெக்ரா டைப் ஆரில் அது தொழிற்சாலையிலேயே 220 குதிரைச் சக்தி. நம் 4ஜி93இல் கேம், பிஸ்டன், ஹெட் வேலை, சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் என்று எல்லாம் செய்த பிறகும் அந்த எண்ணைத் தொடுவது பாடு. என்ஏ எஞ்சினில் ஒவ்வொரு 10 குதிரைச் சக்தியும் முந்தியதைவிட அதிக விலைக்கு வரும்.

நம் ஊர்க் காற்றும் கைகொடுக்காது. 15 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 35 டிகிரிக் காற்று ஆறு சதவீதத்துக்கு மேல் அடர்த்தி குறைந்தது. 32 டிகிரியில் ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் இன்னும் மூன்றரை சதவீத இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது. என்ஏ எஞ்சின் கிடைத்த காற்றைத்தான் குடிக்க முடியும். டர்போ வண்டிக்காரன் டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வைக் கொஞ்சம் இறுக்கி அந்த நஷ்டத்தை மீட்டுக்கொள்வான். ஆனால் என்ஏ வகுப்பில் எல்லோருக்கும் அதே காற்றுதான், அதனால் போட்டி நேர்மையாக இருக்கும். 1,800 சிசிக்கு என்று தனி வகுப்பு இருக்கும் பந்தயமானால் சத்ரியாவுக்கு அங்கே மரியாதையான இடம் உண்டு.

டர்போவுக்கு எதால் வரம்பு கட்டுகிறார்கள்?

முடிவு உண்மையில் தங்கியிருப்பது இதில்தான். "லிமிட்டட் டர்போ" என்று பெயர் வைத்துவிட்டால் எல்லாம் ஒன்றல்ல. எதை அளக்கிறார்களோ அதுதான் யார் ஜெயிப்பது என்பதைத் தீர்மானிக்கிறது.

கொள்ளளவைப் பெருக்குவது ஒரு முறை. டர்போ எஞ்சினின் சிசியை ஒரு எண்ணால் பெருக்கி, வருகிற கணக்கில் எந்த வகுப்பு என்று பார்ப்பார்கள். உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ ஒரு காலத்தில் 1.4ஆல் பெருக்கியது, லான்சியா டெல்டா எஸ்4இன் 1,759 சிசி எஞ்சின் 2,500க்குள் அடங்கும்படி அமைந்தது அந்தக் கணக்கை வைத்துத்தான். பிறகு அது 1.7 ஆனது. அந்த 1.7ஐ நம் ஊர் வண்டிகளுக்குப் போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்ஆர் எஞ்சின் 3,118 ஆகிவிடும், லான்சர் ஈவோவின் 4ஜி63 எஞ்சின் 3,395 ஆகும். இரண்டும் ஒரே பெரிய வகுப்பில் போய் விழும். அங்கே 4ஜி93காரன் ஈவோக்காரனுக்குத் தீனி. ஆனால் பழைய பெரோடுவா கன்சிலில் டைஹாட்சு மிராவின் நாலு சிலிண்டர் டர்போ எஞ்சினை ஏற்றியிருக்கிறார்களே, நம் பையன்கள் எல்5 என்று சொல்வது, அது 659 சிசி. 1.7ஆல் பெருக்கினாலும் 1,120தான். எழுநூறு கிலோவைச் சுற்றி நிற்கும் வண்டி. 120 குதிரைச் சக்தி எடுத்துவிட்டால் ஓட்டுநரோடு சேர்த்துக் கணக்கு 14.3 வருகிறது. 1,300 சிசி வகுப்பில் என்ஏ பெரோடுவா மைவியை வைத்திருப்பவன் அதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். பெருக்கல் விதி இருக்கும் பந்தயத்தில் கன்சில் பக்கம் போவது புத்திசாலித்தனம், 1.8 டர்போ பக்கம் போவது கையைக் கடிக்கும்.

பூஸ்ட் அழுத்தத்துக்கு உச்சவரம்பு வைப்பது இன்னொரு முறை. காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் பூஸ்ட் என்பது எஞ்சின் விழுங்காமல் வெளியே தேங்கி நிற்கும் காற்றின் அழுத்தம், உள்ளே போன காற்றின் அளவு அல்ல. ஒரே 1 பார் பூஸ்ட்டில் நல்ல ஹெட்டும் கேமும் உள்ள எஞ்சின் அதிகக் காற்றைக் குடிக்கும். ஃபார்முலா 1இல் 1987இல் 4 பார், 1988இல் 2.5 பார் என்று வால்வு வைத்துக் கட்டினார்கள். அந்த 1988இல்தான் ஹோண்டா டர்போ பூட்டிய மெக்லாரன் 16 பந்தயத்தில் 15ஐ வென்றது. அவர்களிடம் முத்திரையிட்ட வால்வாவது இருந்தது. நம் அளவிலான பந்தயத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் பூஸ்ட் மாறிவிடும் கண்ட்ரோலரை யார், எப்போது பரிசோதிப்பது? இப்படிப்பட்ட வகுப்பில் பணம் போடாதே என்று அவனிடம் நேராகவே சொன்னேன்.

மூன்றாவது, ரெஸ்ட்ரிக்டர். டர்போ மூச்சிழுக்கும் குழாயில் ஒரு குறுகிய வளையம். காற்று அதன் வழியே ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் கூடுதலாக ஒரு துளியும் வராது. 34 மில்லிமீட்டர் வளையத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 0.21 கிலோ காற்றுதான் போகும், அதைக் கொண்டு முந்நூறைச் சுற்றித்தான் குதிரைச் சக்தி எடுக்க முடியும். உலக ராலி வண்டிகள் பல ஆண்டுகள் 34 மில்லிமீட்டரோடு அந்த அளவில் நின்றது இதனால்தான். பரிசோதனையும் எளிது. வளையத்தின் வாயை அடைத்தால் எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் வேறு எங்கிருந்தோ காற்று திருடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஏனென்றால் இங்கே பெரிய டர்போ வாங்கிப் பயனில்லை. கீழ் சுற்றில் முறுக்கு விசையை யார் நன்றாக எடுக்கிறார்கள், யார் சரியாகக் கியர் மாற்றுகிறார்கள் என்பதில்தான் போட்டி. ஆனால் இழுவைப் பந்தயத்தில் இதை அதிகம் பார்க்க முடிவதில்லை. மேல் சுற்றில் வண்டி திணறுவது பார்ப்பவனுக்கும் ஓட்டுபவனுக்கும் ருசிப்பதில்லை.

எஞ்சியது, டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்தின் வாயளவு. இன்டூசர் என்று சொல்வோம். காற்று நுழையும் பக்கம் சக்கரத்தின் இதழ்கள் நுனிக்கு நுனி எத்தனை மில்லிமீட்டர் என்பதுதான் வரம்பு. அமெரிக்காவில் சின்ன டயர் வகுப்புகள் பலவற்றில் டர்போவைக் கட்டுவது இப்படித்தான். குழாயைக் கழற்றினால் சக்கரம் கண்ணுக்குத் தெரியும், அளந்துவிடலாம்.

அளப்பதிலும் சங்கதி இருக்கிறது, அதை நான் பட்டே கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு புரோட்டோன் விராவை 48 மில்லிமீட்டர் வகுப்புக்குத் தயார் செய்தேன். டர்போ மிட்சுபிஷியின் 16ஜி. விற்றவர் 47க்குள் என்று சொன்னார், நான் அளக்காமல் வாங்கிவிட்டேன். பந்தயத்தன்று பரிசோதகர் குழாய்க் கிளிப்பைத் தளர்த்தி, விரலால் சக்கரத்தை மெல்லச் சுழற்றி, எதிரெதிரே வரும் இரண்டு இதழ் நுனிகளில் வெர்னியரை வைத்தார். 48.3. கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். 48.3. 16ஜியில் சின்னது, பெரியது என்று இரண்டு உண்டு, சின்னது 46.5, பெரியது 48.3க்கு அரை மயிரிழை குறைவு. என் கையில் இருந்தது பெரியது. மூன்று மாத வேலை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கால் போயிற்று. அன்று மத்தியானமே வண்டியை லாரியில் ஏற்றிவிட்டோம். அன்றிலிருந்து வெர்னியர் இல்லாமல் டர்போ வாங்கப் போவதில்லை.

முழு இதழ்கள் ஒற்றைப்படையில் இருக்கும் சக்கரத்தை வெர்னியரால் அளக்கவே முடியாது, எதிரே இதழ் இருக்காது. அதற்கு உருளை அளவி வேண்டும். இதழின் மூக்கை மட்டும் படிபோலச் சீவிவிட்டு, அளக்கும் இடத்தில் சின்னதாகவும் உள்ளே பெரிதாகவும் வைப்பவர்களும் உண்டு. நல்ல விதிப்புத்தகம் இந்த இரண்டையும் பற்றிப் பேசும். உங்கள் அமைப்பாளரின் புத்தகம் பேசுகிறதா என்று பாருங்கள்.

வாயளவு விதியின் பெரிய ஓட்டை வேறொன்று. காரெட் ஜிடி2860ஆர்எஸ் என்ற பழைய டர்போவின் வாய் 47.2 மில்லிமீட்டர், தயாரிப்பாளர் அதற்குச் சொல்லும் உச்சம் 360 குதிரைச் சக்தி. அதே காரெட்டின் புதிய ஜி25-550இன் வாய் 48 மில்லிமீட்டர், உச்சம் 550. வாயில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, சக்தியில் 190. அதே 1,100 கிலோ வண்டிக்குச் சூத்திரம் ஒன்றுக்கு 11.0 சொல்கிறது, மற்றதற்கு 9.6. இதழின் வளைவும் கடைசல் நுட்பமும் அவ்வளவு மாறிவிட்டன. ஆகவே வெறும் "48 மில்லி" என்று நிறுத்திவிட்ட வகுப்பு காலப்போக்கில் புது டர்போ வாங்க முடிந்தவனுடையதாகிவிடும். வாயளவோடு டர்போ மாடலையோ, குறைந்தபட்ச எடையையோ, டயர் அகலத்தையோ சேர்த்துக் கட்டிய வகுப்பில்தான் 15,000 வெள்ளிக்காரன் நிற்க முடியும். இவற்றில் நான் முதலில் தேடுவது டயர் அகலத்தை. முன்சக்கர வண்டியில் டயரைக் கட்டிவிட்டால் கூடுதல் சக்தி தானாகவே வீணாகும்.

திறந்த வகுப்பு

இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 15,000 வெள்ளிக்கு அங்கே வேலை இல்லை. வண்டி வேகமாகப் போகப் போக பாதுகாப்புச் செலவும் ஏறும். அமெரிக்க இழுவைப் பந்தயச் சங்கமான என்எச்ஆர்ஏவின் விதிப்படி 13.99க்குக் கீழே போனால் தரச்சான்று பெற்ற தலைக்கவசம் கட்டாயம், 11.49க்குக் கீழே பெரும்பாலான வண்டிகளுக்கு ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் கம்பி வளைவு) வேண்டும், 9.99க்குக் கீழே பெரும்பாலானவற்றுக்கு முழுக்கூண்டு. இங்கே உங்கள் அமைப்பாளர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள், கேட்காவிட்டாலும் போடுங்கள். அக்காவிடம் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

டயல்-இன்

ஓட்டத்துக்கு முன் உங்கள் நேரத்தை நீங்களே அறிவிக்கிறீர்கள். மெதுவான வண்டிக்கு அந்த வித்தியாசம் அளவுக்கு முன்னதாக விளக்கு விழும். அறிவித்ததைவிட வேகமாக ஓடினால் தோற்றீர்கள், விளக்குக்கு முன் கிளம்பினாலும் தோற்றீர்கள். மற்றபடி கோட்டை முதலில் கடந்தவன் ஜெயிக்கிறான். 15.1 விநாடி சத்ரியா 10 விநாடி வண்டியை நேர்மையாக வெல்ல முடியும்.

இதைப் பையன்கள் மட்டமாகப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அரை அரை விநாடி இடைவெளியில் இறங்கும் மஞ்சள் விளக்குகளைப் பார்த்து, மூன்றாவது மஞ்சளில் கிளட்சை விட்டு, நூறில் ஒரு பங்கு விநாடிக்குள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கிளம்பிக் காட்டுவது எந்த 500 குதிரைச் சக்திக்கும் குறைந்த வித்தையல்ல.

இங்கே டர்போ ஒரு சுமைகூட ஆகலாம். 32 டிகிரிக் காற்றை இரண்டு மடங்காக அழுத்தினால், கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், வெளியே வரும் காற்று 127 டிகிரிச் சூட்டில் இருக்கும். இன்டர்கூலர் அதைத் தணிக்கிறது. ஆனால் வரிசையில் இருபது நிமிடம் நின்று இன்டர்கூலரே சூடேறிவிட்டால் அடுத்த ஓட்டம் வேறு நேரம் தரும். ஐஸ் தண்ணீர் தெளித்து ஓடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். என்ஏ சத்ரியாவோ காலையில் 15.20 ஓடினால் மத்தியானம் 15.27 ஓடும். எவ்வளவு மாறும் என்பதை இரண்டே பந்தயத்தில் கற்றுக்கொள்ளலாம். டயல்-இன்னில் அதுதான் ஆயுதம்.

அவனுக்குச் சொன்னது

ஹாஃப்கட்டை இப்போது வாங்காதே என்றேன். அது கெட்ட எஞ்சின் அல்ல. ஜிஎஸ்ஆரின் 4ஜி93 டர்போ நம் விராவிலும் சத்ரியாவிலும் அழகாக உட்காரும், எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் முதல் பலதும் பொருந்தும். ஆனால் எஞ்சின் விலையோடு முடிவதில்லை. இன்டர்கூலர், குழாய், கிளட்ச், எரிபொருள் பம்ப், டியூனிங் என்று சேர்ந்தால் 15,000 கரைந்துவிடும். டயருக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் மிஞ்சாது. தினமும் வேலைக்குப் போகிற வண்டி அது. எஞ்சின் மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையும் முடிக்காமல் சாலையில் ஓட்டக் கூடாது. இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் செப்பாங்குக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இந்த வருடம் இருக்கிற எஞ்சினோடு டயல்-இன். அமைப்பாளர் 1,800 சிசி என்ஏ வகுப்பு வைத்தால் அதிலும் பெயர் கொடு. பணத்தில் முதலில் டைமிங் பெல்ட்டும் எஞ்சின் மவுண்டும், பிறகு நல்ல கிளட்ச், ஒரு ஜோடி செமி ஸ்லிக் (பிடிப்பு அதிகமுள்ள டயர்), முடிந்தால் ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் எல்எஸ்டி. இவ்வளவுக்கும் என் கணக்கில் பாதிப் பணம் போதும். முதல் 18 மீட்டரில் பத்தில் ஒரு விநாடி மிச்சம் பிடித்தால் கடைசிக் கோட்டில் அது ஒன்றரை மடங்கு, சில நேரம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். சூத்திரப்படி அதை எஞ்சினில் எடுக்க நாலைந்து குதிரைச் சக்தி வேண்டும்.

மீதிப் பாதி வங்கியில் இருக்கட்டும். வாயளவும் எடையும் டயரும் சேர்த்துக் கட்டிய டர்போ வகுப்பை யாராவது தொடர்ந்து இரண்டு வருடம் விதி மாற்றாமல் நடத்தினால், அன்றைக்கு அந்த அளவுக்கு உரிய டர்போவோடு எஞ்சினைக் கட்டுவோம். விதி வருடா வருடம் மாறும் வகுப்புக்கு டர்போ வாங்குவது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பது போலத்தான்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது. டர்போ வைத்த புரோட்டோன் பிரெவே இருந்தால் அதன் 1.6 சிஎஃப்இ எஞ்சின் 138 குதிரைச் சக்தி, 205 நியூட்டன் மீட்டரோடு டர்போவுடனே பிறந்தது, அனுமதிப் பிரச்சினையும் இல்லை. தொழிற்சாலை டர்போவை மாற்றக் கூடாது என்ற வகுப்பு கிடைத்தால் நேராக அதில் போகலாம். ஈவோ வைத்திருப்பவருக்கு நாலு சக்கரமும் இழுக்கும், அவர் கணக்கே தனி.

அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மாமாக் தேநீர்க் கடையில் தே தாரிக் ஆறும் வரை வாதாடினான். "எல்லாரும் டர்போ போடுறாங்க மாமா, நான் மட்டும் 15 விநாடியில ஓடணுமா?" என்றான். நியாயமான கேள்வி. அவன் வயதில் நானும் அதைத்தான் கேட்டேன். பதிலுக்கு அவனை முதல் பந்தயத்துக்குக் கூட்டிப்போனேன். ஐந்து முறை ஓடினான். 15.91, 15.62, 15.66, 15.48, 15.50. முதல் 18 மீட்டர் நேரம் 2.44இல் தொடங்கி 2.29க்கு வந்தது. எஞ்சினில் ஒரு திருகைக்கூட நாங்கள் தொடவில்லை. இரண்டாவது சுற்றில் வெளியேறினான். விளக்குக்கு முன்னால் கிளம்பிவிட்டான்.

திரும்பி வரும்போது நெடுஞ்சாலை முழுக்க அந்த ஐந்து ஓட்டங்களின் நேரச் சீட்டுகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். செமி ஸ்லிக் எந்த அளவு வாங்கலாம் என்று கேட்டான். காப்பார் கடைக்காரருக்கு அன்றிரவே போன் செய்து, எஞ்சின் இப்போது வேண்டாம் என்று சொன்னான்.